ஊர்க்கோழியோடு கலப்புக் குஞ்சு சேர்ப்பது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எந்தப் பக்கம் போனாலும் கோழி வளர்க்கிற ஆட்கள் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். வளவில் ஐந்தாறு ஊர்க்கோழி நிற்கும். அதோடு கொஞ்சம் கலப்புக் குஞ்சு சேர்த்தால் முட்டை கூடும், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், மிஞ்சினால் விற்கலாம் என்று ஒரு எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கி வந்த குஞ்சில் பாதி முதல் மாதத்திலேயே போய்விடுகிறது, சில வீடுகளில் இருந்த கோழியும் சேர்ந்து போய்விடுகிறது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஐந்து கோழி, பத்துக் கோழி, கூடிப்போனால் இருபது கோழி வைத்திருக்கும் வீடுகளை நினைத்து எழுதியது இது. பண்ணை போட்டு நூற்றுக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு வேறு கணக்கு.

கலப்புக் குஞ்செண்டா என்ன? கடையில விக்கிற இறைச்சிக்கோழியும் அதும் ஒண்டோ?

இரண்டு வேறு இனங்களுக்குப் பிறந்தது கலப்பு. நம் பக்கம் அது பல வழியில் வருகிறது. ஊர்ப்பேட்டுக்கு ரோட் ஐலண்ட் ரெட் போன்ற வெளியினச் சேவலை விட்டுப் பொரித்தது ஒரு வகை. ஷேவர் பிறவுன், ஹைலைன் பிறவுன் என்று சொல்லும் மண்ணிற முட்டைக்கோழியை ஊர்ச்சேவலோடு விட்டு எடுத்த குஞ்சு இன்னொரு வகை. அந்த ஷேவரும் ஹைலைனும் கூட நிறுவனங்கள் பல வரிசைகளைக் கலந்து உண்டாக்கியவைதான்.

நல்ல முட்டைக்கோழி, அதற்குரிய தீனும் பராமரிப்பும் கிடைத்தால், வருடத்துக்கு 300 முட்டைக்குக் கிட்ட இடும். ஊர்க்கோழி பன்னிரண்டு, பதினைந்து இட்டுவிட்டு அடைக்குக் குந்திவிடும். கலப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். எங்கே நிற்கும் என்பது தாய் தகப்பனையும் நீங்கள் போடும் தீனையும் பொறுத்தது. இறைச்சிக்கோழி வேறு சாமான். ஐந்தாறு கிழமையில் அறுக்கிற நிறைக்கு வரும்படி உண்டாக்கப்பட்டது அது. வளவில் விட்டால் கால் தாங்காது, சித்திரை வெயிலும் தாங்காது. அதை ஊர்க்கோழிக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

என்னட்ட ஆறு ஊர்க்கோழி நிக்குது. எத்தினை குஞ்சு வாங்கலாம்?

முதலில் இரவுக் கூட்டைப் பாருங்கள். பகல் முழுக்க வெளியே திரியும் வளர்ந்த கோழிக்கு இரவில் ஏறத்தாழ இரண்டு சதுர அடி இடம் போதும். அந்தக் கணக்கில், குஞ்சுகள் வளர்ந்த பிறகும் எல்லாம் கூட்டுக்குள் அடங்குமா என்று பாருங்கள். நிற்கிற கோழியின் எண்ணிக்கைக்கு மேலே ஒரே தடவையில் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆறு நிற்கிறதென்றால் ஆறு.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் வாங்கவே வேண்டாம். தனிக்குஞ்சு கத்திக் கத்தியே வாடிப்போகும். பிறகு பெரிய கோழிகளோடு சேர்க்கும்போது எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான் விழும். குறைந்தது மூன்று.

எந்த மாசம் வாங்கினா நல்லம்?

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும். காலபோக வெட்டு முடிந்து களத்திலும் வரம்பிலும் சிந்திய நெல் கிடக்கும், பூச்சி புழுவும் தாராளம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாங்குவது கஷ்டத்தை விலைக்கு வாங்குவதுதான். ஈரமும் குளிரும் சேர்ந்தால் குஞ்சு நிற்காது. சோளகம் என்கிற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் வாங்கலாம், ஆனால் நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். பஸ்ஸில் கொண்டுவருவதானால் விடிய அல்லது பின்னேரம் கொண்டு வாருங்கள், பெட்டிக்குக் காற்றோட்டமாக ஓட்டை போடுங்கள்.

ஒருநாள் குஞ்சோ, ஒருமாதக் குஞ்சோ? எதை வாங்கிறது?

வீட்டில் அடைகிடக்கும் ஊர்க்கோழி இருந்தால் ஒருநாள் குஞ்சு. விலை குறைவு, தாயே வளர்த்துத் தரும். அடைக்கோழி இல்லையென்றால், கொஞ்சம் காசு கூடினாலும் ஒருமாதக் குஞ்சு வாங்குங்கள். சூடு காட்ட வேண்டிய காலம் அநேகமாக முடிந்திருக்கும், முதல் தடுப்பு மருந்துகளும் கொடுத்திருப்பார்கள். என்ன மருந்து, எந்தத் திகதியில் கொடுத்தது என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், தொப்புள் காய்ந்திருக்க வேண்டும், பின்பக்கத்தில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாக்கப் போட்டால் உடனே உதறி எழும்ப வேண்டும்.

வாங்கின அண்டைக்கே மற்றக் கோழியளோட விட்டா என்ன?

இதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள், அழிவும் இதில்தான் தொடங்குகிறது. புதுக்குஞ்சு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நோயைக் கொண்டு வரலாம். அதேபோல உங்கள் பழைய கோழிகள் தாங்கிக்கொண்டிருக்கும் கிருமி அந்தக் குஞ்சைக் கொல்லலாம். இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. ஆகவே ஒருமாதக் குஞ்சாக இருந்தால் குறைந்தது இரண்டு கிழமை, முடிந்தால் ஒரு மாதம், வேறாக வையுங்கள். வளவின் மறுகோடியில், காற்று நேரே பழைய கூட்டுப் பக்கம் அடிக்காத இடமாகப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி, தீன் சட்டி, கூட்டும் தும்புத்தடி எல்லாம் புறம்பு. காலையில் பழைய கோழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் புதுக்குஞ்சிடம் போங்கள், கையையும் செருப்பையும் கழுவுங்கள்.

ஒருநாள் குஞ்சை அடைக்கோழிக்குக் கீழே வைப்பது மட்டும் இதற்கு விலக்கு. அங்கேயும் அந்தத் தாயையும் குஞ்சுகளையும் மற்றக் கோழிகளிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும்.

அடிக்கடி கரண்ட் போற இடம். அடைக்கோழியும் இல்ல. குஞ்சை எப்பிடிச் சூடா வச்சிருக்கிறது?

முதல் கிழமை குஞ்சின் மட்டத்தில் 35 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை போலக் குறைத்துக்கொண்டு போகலாம். வன்னி வெயிலில் பங்குனி, சித்திரைப் பகல் பொழுதுக்கு லைட் தேவையே இல்லாமல் போகலாம், இரவுதான் கவனம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளே சொல்லும். லைட்டுக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்துக் கிடந்தால் சரி.

காட்போட் பெட்டியின் அடியில் உமியைத் தடிப்பாகப் போட்டு, பெட்டியின் ஒரு மூலையில் பழைய மஞ்சள் பல்பைத் தொங்கவிடுங்கள். மற்ற மூலை குளிராக இருக்கட்டும், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்துக்குப் போகும். சூடு தராத எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. கரண்ட் நின்றால் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் லாம்பைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். உமியும் காட்போட்டும் நெருப்புப் பிடிக்கும், புகை குஞ்சின் மூச்சை அடைக்கும்.

தண்ணீர் ஆழமில்லாத தட்டில், உள்ளே நாலைந்து கூழாங்கல் போட்டு வையுங்கள். முதல் வாரக் குஞ்சு ஒரு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும்.

அடைகிடக்கிற கோழிக்குக் கீழ வாங்கின குஞ்சைக் கொண்டுபோய் வச்சா ஏற்குமோ?

ஏற்கும், முறையாகச் செய்தால். எந்தப் பெட்டியும் எந்த லைட்டும் ஒரு ஊர்ப்பேட்டுக்கு ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோழி இரண்டு, மூன்று கிழமையாக உறுதியாக அடையில் கிடந்திருக்க வேண்டும். நேற்றுக் குந்திய கோழி எழும்பிப் போய்விடும். முட்டை பொரிக்க 21 நாள். அந்த நாளோடு ஒட்டி ஒருநாள் குஞ்சு கையில் வருமாறு ஒழுங்கு செய்வது மிக நல்லது. முதலில் கோழியின் செட்டைக்குக் கீழே பேன் இருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கோழியில் பேன் மொய்த்துப் போயிருக்கும், அது குஞ்சில் ஏறி அதை வாட்டிவிடும். கண்டால், குஞ்சு வைப்பதற்கு முன்பே மருந்து கேட்டுப் போடுங்கள்.

வைப்பது இரவில்தான். நன்றாக இருட்டி, வளவு அடங்கிய பிறகு போங்கள். டோர்ச் வெளிச்சத்தைக் கோழியின் முகத்தில் அடிக்க வேண்டாம். ஒரு குஞ்சை உள்ளங்கைக்குள் பொத்தி, கையின் மேல்பக்கம் கோழியின் நெஞ்சுக்குப் படுமாறு மெல்ல நுழைத்து, அங்கே விட்டுவிட்டு, கீழே கிடக்கும் முட்டை ஒன்றை அதே கையால் எடுத்து வாருங்கள். கோழி கொத்தினால் கையில்தான் கொத்து விழும், குஞ்சில் விழாது. கொஞ்சம் பொறுத்து அடுத்தது. கீழே இருந்து குஞ்சு 'கீக்' என்று மெல்லச் சத்தம் போடும். கோழி தொண்டைக்குள் 'க்ளக், க்ளக்' என்று பதில் கொடுத்து உடம்பை அகட்டி இருந்தால் காரியம் முடிந்தது. விடியக்காலம், வெளிச்சம் வருமுன்னே போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். கோழி குனிந்து குஞ்சைப் பார்க்கும் அந்த முதல் பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும்.

வாங்கிய குஞ்சு இரண்டு, மூன்று நாளுக்கு மேல் வயதாகியிருந்தால் இது சரிவராது. அந்தக் குஞ்சுக்கே தாய் என்றால் என்னவென்று தெரியாமல் போயிருக்கும், செட்டைக்குக் கீழே நிற்காமல் ஓடும். ஒரு ஊர்க்கோழியால் பத்து, பன்னிரண்டு குஞ்சை அணைத்து வைத்திருக்க முடியும். மழைக்காலமானால் இன்னும் குறையுங்கள்.

தாய்க்கோழி ஒரு குஞ்சை மட்டும் கொத்திக் கலைக்குது. மற்றதுகளை ஒண்டும் செய்யேல்ல. ஏன்?

பெரும்பாலும் நிறம். தன் குஞ்சுகளோடு இரண்டு, மூன்று நாள் திரிந்துவிட்ட கோழிக்கு அவற்றின் நிறமும் சத்தமும் பதிந்துவிடும். எல்லாம் கறுப்பும் மண்ணிறமுமாக இருக்கும்போது நடுவே ஒரு வெளிர்மஞ்சள் குஞ்சு வந்தால் அந்நியமாகப் படும். அதனால்தான் கலந்து வைப்பதானால் பொரித்த முதல் இரவிலேயே வைத்துவிட வேண்டும்.

கொத்துகிற குஞ்சை உடனே எடுத்துவிடுங்கள். நாள் போகச் சரிவரும் என்று விட்டால் தலையைப் பிளந்துவிடும். அடுத்த இரவு ஒருமுறை திரும்ப வைத்துப் பார்க்கலாம். அப்போதும் கொத்தினால் பெட்டிதான், அதுவும் துணைக்கு இன்னொரு குஞ்சோடு.

பெரிய கோழியளோட எப்ப சேர்க்கலாம்? எப்பிடிச் சேர்க்கிறது?

தாயோடு வளர்ந்த குஞ்சுக்கு இந்தக் கேள்வியே இல்லை. தாய் அதைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகும், கிட்ட வருகிற கோழியைத் தாயே கலைக்கும். பெட்டியில் வளர்ந்ததுக்குத்தான் பாடு. வயதைவிட உடம்பைப் பாருங்கள். பெரிய கோழியில் முக்கால் பங்கு அளவுக்காவது வந்திருக்க வேண்டும். ஊர்க்கோழிக் கூட்டமென்றால் கலப்புக் குஞ்சு பத்து, பன்னிரண்டு கிழமையில் அந்த அளவுக்கு வந்துவிடும்.

முன்பு சொன்ன தனிவைப்புக் காலம் முடிந்த பிறகு, கம்பிவலை போட்ட சின்னக் கூட்டில் குஞ்சுகளை வைத்து, பழைய கோழிகள் மேயும் இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தொடக்கூடாது. வலையின் இரு பக்கமும் தீனைப் போட்டால் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். ஒரு கிழமை, பத்து நாள் இப்படிப் போகட்டும். பிறகு பின்னேரத்தில், கோழிகள் கூட்டுக்குப் போவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது வலையைத் திறந்து விடுங்கள். சண்டை பிடிக்க நேரம் குறைவு, எல்லாருக்கும் இரவு அடங்கும் யோசனைதான் இருக்கும். இருட்டிய பிறகு குஞ்சுகளைத் தூக்கிப் பழைய கோழிகளுக்குப் பக்கத்தில் தடியில் ஏற்றிவிடுங்கள். காலையில் நேரத்துக்கே கதவைத் திறந்துவிட வேண்டும். அடைத்த கூட்டுக்குள் விடிந்தால் ஓட இடமிருக்காது.

இன்னொரு காரியம் செய்து வையுங்கள். வளவின் ஓரத்தில் அலம்பல் (வெட்டிய மரக்கிளை) கொஞ்சத்தைக் குவித்து, அல்லது பழைய கிடுகைச் சரித்து வைத்து, குஞ்சு மட்டும் நுழையக்கூடிய துவாரம் விடுங்கள். உள்ளே கொஞ்சம் தீனும் தண்ணீரும் இருக்கட்டும். துரத்தப்படும் குஞ்சு அங்கே ஓடி மூச்சு விடும். செலவு ஒன்றுமில்லை, ஆனால் எத்தனையோ குஞ்சைக் காப்பாற்றும்.

சேர்த்தாப்பிறகு ஒரே கொத்துப்பாடு. எவ்வளவுக்குப் பொறுக்கிறது?

கொத்தும் துரத்தலும் வரத்தான் செய்யும். கூட்டத்தில் யார் மேலே, யார் கீழே என்று தீர்மானிக்க ஒரு கிழமை, சில வேளை இரண்டு கிழமை எடுக்கும். ஒரு கொத்து, இரண்டு எட்டுத் துரத்தல், பிறகு மேய்ச்சல் என்றால் விட்டுவிடுங்கள். தீனும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

இரத்தம் கண்டால் பொறுக்கக் கூடாது. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் எல்லாமாகச் சேர்ந்து கொத்துகிற குணம் உண்டு. காயப்பட்டதை உடனே பிரித்து, காயத்தைக் கழுவி மருந்து போட்டு, ஆறிய பிறகே விடுங்கள். குறிப்பிட்ட ஒரு கோழிதான் விடாமல் துரத்துகிறது என்றால் அந்தக் கோழியைப் பிடித்து நாலைந்து நாள் வேறாக அடையுங்கள். திரும்பி வரும்போது அதுவே புது ஆளாக வரும், வீரமும் குறைந்திருக்கும்.

எல்லாத்துக்கும் ஒரே தீனைப் போடலாமோ? முட்டைத்தீன்தான் வீட்டில கிடக்கு.

முட்டைத்தீனைக் குஞ்சுக்குப் போட வேண்டாம். முட்டைக்கோது உண்டாவதற்காக அதில் கல்சியம் நூற்றுக்கு மூன்றரை, நாலு பங்கு இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது ஒரு பங்கு அளவுதான். மிச்சம் அதன் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். குஞ்சுத்தீனில் புரதம் நூற்றுக்கு இருபது அளவில் இருக்கும். முதல் இரண்டு மாதம் அதுதான் வேண்டும்.

எல்லாம் ஒன்றாகத் திரியும் காலத்தில் பிரித்துப் போடுவது கஷ்டம். அப்போது எல்லாவற்றுக்கும் வளரும் கோழித்தீனைப் போட்டு, முட்டையிடும் கோழிகளுக்காகச் சிப்பித் தூளையோ காயவைத்து நொருக்கிய முட்டைக்கோதையோ வேறு சட்டியில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே போய்க் கொத்தும். முல்லைத்தீவுக் கரையோர ஆட்களுக்குச் சிப்பிக்குப் பஞ்சமில்லை.

தவிடும் குறுணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் போட்டு ஊர்க்கோழி வளரும், உண்மைதான். அது மிச்சத்தை மண்ணில் கிளறி எடுத்துக்கொள்ளும். முட்டைக்கோழி இரத்தம் உள்ள கலப்புக்கு அது போதாது. தீனில் மிச்சம் பிடித்தால் முட்டையிலும் குறையும். கறையான் புற்றை வெட்டிப் போடுவது, முருங்கை இலையைக் காயவைத்துக் கலப்பது இரண்டும் கைகொடுக்கும்.

ஊர்க்கோழிக்கு நோய் வராதெண்டு சொல்லுகினம். ஊசி மருந்தெல்லாம் தேவையோ?

வரும். ராணிக்கெட் என்கிற கொள்ளைநோய் ஊர்க்கோழி, பட்டணக்கோழி பார்க்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுகி, இரண்டு மூன்று நாளில் வளவே வெறுமையாவதை வன்னியில் பார்க்காதவர்கள் குறைவு. வந்த பிறகு மருந்து இல்லை, முன்பே தடுப்பதுதான். வழக்கமாக முதல் கிழமை அளவில் கண்ணில் ஒரு துளி, நாலாம் கிழமை அளவில் திரும்ப. இடையில் கம்போரோ என்கிற இன்னொரு தொற்றுநோய்க்கு ஒன்று. அம்மைக்குச் செட்டையில் குத்துவது பிறகு. அம்மையை நுளம்பு பரப்பும், ஆகவே மாரிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். சரியான நாட்களை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரின் தொலைபேசி இலக்கமும் வாங்கி வையுங்கள்.

சின்ன வளர்ப்பாளருக்கு உண்மையான தடை வேறு. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிக்கு அளவாக வரும். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். ஆறு குஞ்சுக்காக யாரும் குப்பி உடைக்க மாட்டார்கள். வழி ஒன்றுதான்: ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் குறித்து அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஏதாவது முன்நின்றால் இன்னும் சுகம். காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஊர் முடியும். பழைய கோழிக்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். குஞ்சுக்கு மட்டும் போட்டு என்ன பயன்?

குஞ்சு ரத்தமாக் கழியுது. தூங்கித் தூங்கி நிக்குது.

மூன்றிலிருந்து ஆறு கிழமைக் குஞ்சில் இப்படிக் கண்டால் பெரும்பாலும் ரத்தக் கழிச்சல். ஈர உமியில் வளரும் ஒட்டுண்ணி செய்யும் வேலை. பழைய கோழிகள் வெளியில் ஒன்றும் காட்டாமலே எச்சத்தில் இதைப் பரப்பும். தனியே வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். தண்ணீரில் கலக்கும் மருந்து இருக்கிறது, உடனே வைத்தியரைக் கேளுங்கள். பிந்தினால் பிழைப்பது கஷ்டம். அன்றைக்கே ஈர உமியை வாரி எரித்து, காய்ந்த உமி போடுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் ஈரம் சேரும், தட்டை ஒரு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

பருந்தும் கீரியும் கொண்டுபோய் முடிச்சிடும் போல கிடக்கு. என்ன செய்யிறது?

பகலில் பருந்து, காகம், செண்பகம், கீரி, உடும்பு. இரவில் மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. காட்டோரம் இருக்கிற வளவில் ஒன்றையும் முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். பெட்டியில் வளர்ந்த குஞ்சுக்கு எச்சரிக்கைச் சத்தம் போட்டுப் பதுங்க வைக்கத் தாய் இல்லை. ஆகவே இரண்டு மாதம் வரை மேலே வலை போட்ட அடைப்புக்குள் மேயட்டும், அல்லது கோழிக் கரப்பை (பின்னிய கூடை) கவிழ்த்து வைத்து இடம் மாற்றிக்கொண்டு இருங்கள். நான் முன்பு சொன்ன அலம்பல் குவியல் இங்கேயும் உதவும். வெளிர்நிறக் குஞ்சு பருந்துக்குச் சீக்கிரம் தெரியும். நிறம் பார்த்து வாங்க வசதி இருந்தால் கறுப்பு, மண்ணிறம் வாங்குங்கள்.

இரவுக் கூடு நிலத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் இருக்கட்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேலே வேண்டாம், பாம்பு பெரிய கண்ணுக்குள்ளால் நுழையும். கீரிக்குப் பொறியும் நஞ்சும் வைக்காதீர்கள். அந்த நஞ்சை உங்கள் நாயும் தின்னும், பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும்.

சேவலோ பேடோ எண்டு குஞ்சிலயே கண்டுபிடிக்க ஏலாதோ?

கலப்பில் பெரும்பாலும் ஏலாது. ஷேவர் பிறவுன், ஹைலைன் பிறவுன் போன்றவற்றில் ஒருநாள் குஞ்சின் நிறமே சொல்லும்: மண்ணிறம் பேடு, வெளிர்மஞ்சள் சேவல். ஆனால் அது அந்தக் குறிப்பிட்ட தாய், தகப்பன் வரிசைகளைச் சேர்க்கும்போது மட்டும் வரும் அடையாளம். அந்தப் பேட்டை உங்கள் ஊர்ச்சேவலோடு விட்டு எடுத்த குஞ்சில் அந்தக் கணக்கு எடுபடாது. யாராவது மலிவு விலைக்கு மண்ணிற முட்டைக்கோழிக் குஞ்சு என்று சொல்லி எல்லாம் மஞ்சளாக நீட்டினால், முட்டையை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

முட்டையின் வடிவத்தைப் பார்ப்பது, நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிடுவது ஒன்றும் பலிக்காது. ஆறு, எட்டுக் கிழமையில் தலையிலுள்ள பூ (கொண்டை) சிவந்து பெருப்பதும் கால் தடிப்பதும் சேவல். சந்தேகமானால் கழுத்தடியிலும் முதுகின் பின்பக்கத்திலும் இறகைப் பாருங்கள். மூன்று மாதமளவில் கூராக, மினுக்கமாக வந்தால் சேவல், வட்ட நுனியாக வந்தால் பேடு. பாதிக்குப் பாதி சேவல் வரும் என்று நினைத்தே கணக்குப் போடுங்கள்.

சேவல் கூடிப்போச்சு. எல்லாம் நிக்கட்டுமே?

எட்டு, பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். கூடினால் பேடுகளின் முதுகு இறகு கொட்டும், தீன் வீணாகும், சேவல்கள் தமக்குள் அடிபடும். நாலு மாதத்தில் நல்ல ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்கோ விலைக்கோ கொடுங்கள். வைத்துக்கொள்ளும் சேவல் மிகப் பாரமாக இருக்க வேண்டாம், சின்ன ஊர்ப்பேட்டின் இடுப்பு தாங்காது. கூடப் பிறந்த பேடுகளுக்கு அதே சேவலைத் தொடர்ந்து விடவும் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர் ஆளோடு சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மாற்றுச் சேவலுக்கும் தனிவைப்பு உண்டு.

இந்தக் கலப்புக் கோழி அடைக்குக் குந்துமோ? அதின்ர முட்டையைத் திரும்ப அடைவச்சா அதே மாதிரிக் கோழி வருமோ?

முட்டைக்காக உருவாக்கிய இனங்களில் அடைக் குணத்தைத் தெரிவு செய்து தெரிவு செய்து நீக்கிவிட்டார்கள். கலப்பில் சிலது குந்தும், சிலது குந்தாது, சிலது பத்து நாள் கிடந்துவிட்டு எழும்பிப் போகும். நம்ப முடியாது. முட்டையைத் திரும்ப அடைவைத்தால் குஞ்சு வரும், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இராது. முதல் கலப்பில் கண்ட வீரியமும் முட்டையும் அடுத்த தலைமுறையில் சிதறும். ஒன்று நன்றாக இடும், அதன் கூடப்பிறந்தது பாதிகூட இடாது.

இதனால்தான் நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று: கலப்பு வந்துவிட்டதென்று ஊர்ப்பேடுகளை விற்றுவிடாதீர்கள். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதாரமாகக் கோழி கிடைத்த வீடுகளிலும் பிறகு நிலைத்து நின்றவை, அடைக்குக் குந்தித் தானே பெருகக்கூடிய ஊர்ப்பேடு இருந்த வீடுகள்தான். நன்றாக அடைகிடந்து, குஞ்சை விடாமல் காத்து வளர்க்கும் இரண்டு பேட்டையாவது எப்போதும் வளவில் வைத்திருங்கள். கலப்பு முட்டைக்கு, ஊர்ப்பேடு பெருக்கத்துக்கு. கலப்பின் முட்டையை ஊர்ப்பேட்டுக்கு அடைவைப்பதும் நல்ல வழி, முட்டை பெரிதென்பதால் இரண்டு மூன்று குறைத்து வையுங்கள். இடியில் அடைமுட்டை பழுதாகும் என்று பயந்து கூட்டுக்குள் இரும்புத் துண்டும் கரியும் வைக்கிற வழக்கம் உள்ள வீடுகள் வைக்கட்டும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை.

காட்டுச்சேவல் ஒண்டு விடிய விடிய வந்து எங்கட பேடுகளோட நிக்குது. குஞ்சு வருமோ? பிடிச்சு வளர்க்கலாமோ?

காட்டோர வளவுகளில் இது நடக்கிற காரியம்தான். பூவின் நடுவில் மஞ்சள் திட்டோடு வருவது இலங்கைக் காட்டுக்கோழி, நாட்டின் தேசியப் பறவை. நம் வளர்ப்புக் கோழிக்குக் கிட்டிய உறவு, ஆனால் வேறு இனம். இரண்டும் கூடிக் குஞ்சு பொரிக்கலாம். அந்தக் குஞ்சுகளின் இனப்பெருக்கம் மிகக் குறைவு, பல மலடாகப் போகும். முட்டைக்கோ இறைச்சிக்கோ உதவாது, கூட்டில் அடங்கியும் நிற்காது.

பிடிக்காதீர்கள், அதன் முட்டையையும் எடுத்து வந்து அடைவைக்காதீர்கள். சட்டம் பாதுகாக்கும் பறவை அது. அதோடு உங்கள் கோழியின் நோய் காட்டுக்குப் போகும் வழியும் இதுதான். பேடுகளைக் கொஞ்சம் பிந்தித் திறந்துவிட்டு, காட்டோரத்தில் தீன் சிந்தாமல் பார்த்தால் வருவது குறையும்.

ரெண்டு மூண்டு செத்துப்போச்சு. மிச்சத்தையாவது கெதியா வித்திடலாமோ?

விற்க வேண்டாம். காசு போகிற கவலை எனக்கு விளங்குகிறது, ஆனால் அந்தக் கோழி போகும் வீட்டிலும் இதே கதைதான் நடக்கும். ஒரு நோய் ஊரைச் சுற்றுவது சந்தையாலும் சைக்கிள் கூடையாலும்தான். செத்ததைக் குளத்திலோ பற்றைக்குள்ளோ எறியவும் வேண்டாம், நாய் இழுத்துக்கொண்டு திரியும். இரண்டு முழத்துக்குக் குறையாமல் கிடங்கு வெட்டி, சுண்ணாம்போ சாம்பலோ போட்டு, கிணற்றடியிலிருந்து தள்ளித் தாட்டுவிடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் செத்தால் அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தாட்பதற்கு முன் சொன்னால் இன்னும் நல்லது, வெட்டிப் பார்த்து என்ன நோயென்று சொல்வார்கள். மிச்சக் கோழிகளை அடைத்து வையுங்கள், பக்கத்து வளவுக்காரருக்கும் சொல்லுங்கள். கடைசிச் சாவுக்குப் பிறகு கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, குறைந்தது ஒரு மாதம் வெயிலில் காயவிட்ட பிறகுதான் அடுத்த குஞ்சு.